சித்தூர் ஜில்லா

குமாஸ்தா நாகேந்திரன் என் விண்ணப்பத்தையும் பள்ளிச் சான்றிதழையும் அருகருகே வைத்து, அழுக்கு நகத்தால் இரண்டிலும் ஒரே இடத்தைக் கீறிக் காட்டினான். பிறந்த ஜில்லா. விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தது சித்தூர். ஐந்து வயதில் என்னைப் பூந்தமல்லி மிஷன் பள்ளியில் சேர்த்தபோது நைனா சொல்லி அவர்கள் எழுதிக்கொண்டது வட ஆற்காடு. நான் திருத்தணிப் பக்கத்துக் கிராமத்தில் 1912இல் பிறந்தவள். அதற்கு முந்தின வருஷமே சர்க்கார் திருத்தணியை வட ஆற்காட்டிலிருந்து பிடுங்கிச் சித்தூரோடு சேர்த்துவிட்டது. கூலிக்கு ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்த என் நைனாவிடம் யார் வந்து சொன்னார்கள்?

“திருத்தணி சித்தூர்தாம்மா. எங்க அக்காவ அங்கதான் குட்த்துகீறோம், எனக்குத் தெரியாதா?” என்றான் நாகேந்திரன். “ஆனா ரெண்டு காயிதமும் ஒண்ணு சொல்லணும்.”

பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லித்தர ஒரே ஓர் இடம். விண்ணப்பம் அன்று மாலையோடு முடிகிறது. பேசாமல் வட ஆற்காடு என்று திருத்திவிட்டுப் போகச் சொன்னான். பூகோளம் நடத்தப் போகிறவள் தன் ஜில்லாவையே தப்பாக எழுதி, ‘யாவும் உண்மை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டுமாம். முடியாது என்றேன்.

அப்படியானால் தகப்பன் எழுதித் தரட்டும் என்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தான். ‘கிறிஸ்துதாஸாகிய நான் எழுத்தறிவும் உலக விவரமும் இல்லாதவனாகையால், என் மகளின் ஜில்லாவை அறியாமையால் தவறாகச் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்.’ சர்க்கார் மாற்றியதை எழுதினால் போதாதா என்று சண்டை போட்டேன்.

“சர்க்கார் மேல தப்பு எய்த முடியுமா? யாராச்சும் ஒத்தன் தப்பு பண்ணிகீணும்ல?”

ஆனாலும் அவன் சொன்னபடியே எழுதினேன். நைனா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டிப் பெருமைப்படும் அதே கையெழுத்தில், ஓர் எழுத்தும் கோணாமல்.

வராந்தாவில் நின்றிருந்த நைனாவை, “யோவ், உள்ள வா” என்று கூப்பிட்டான். அவன் வயதுக்கு நைனா இரண்டு மடங்கு. இப்போது வேலை செய்யும் பங்களாத் தோட்டத்து மண் போகத் தேய்த்துக் குளித்து, வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார்.

“இன்னாம்மா எய்திகீறே? படி, கேக்கலாம்” என்றார்.

காகிதத்தைப் பார்த்தபடி படித்தேன். “திருத்தணியைச் சர்க்கார் சித்தூர் ஜில்லாவுக்கு மாற்றியிருக்கிறது. என் மகள் எழுதியிருப்பதே சரி.” குரல் எங்கும் தடுமாறவில்லை. நாகேந்திரன் நிமிர்ந்தான். இத்தனை நேரமும் என்னை ஈயைப் பார்ப்பதுபோலப் பார்த்தவன், கூட வேலை செய்கிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்தான்.

“அதான், கரெக்டா எய்திடணும். நாளிக்கு ஒத்தன் கேக்கக் கூடாது” என்று சொல்லி, நைனா பெருவிரலை மையில் புரட்டி, அந்த வரிகளுக்குக் கீழே அழுத்தி வைத்தார். சட்டையில் படாமல் விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

நாகேந்திரன் ஈர ரேகையை ஊதிக்கொண்டே காலால் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.

“குந்தும்மா, குந்து” என்றார் நைனா, நின்றபடியே, முகமெல்லாம் சிரிப்பாக.