முதல்ல மன்னிப்பு, அப்புறம் விசாரணை

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், அங்கே படித்த பிள்ளைகளுக்கு வரவில்லை. ஒரு பிள்ளைமேல் புகார் வந்தால், அந்தப் பிள்ளை முதலில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் விசாரணை. கடிதம் கைக்கு வந்துவிட்டால் விசாரிக்க என்ன மிச்சம் இருக்கும், சொல்லுங்கள். புகார் கொடுத்த பெற்றோரைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டுவார்கள், அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள், சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எல்லாம் சுபம். ஆண்டு விழாவில் "நம் பள்ளியில் தீராத புகார் ஒன்றுகூட இல்லை" என்று மைக்கில் சொல்லிக் கைதட்டல் வேறு வாங்குவார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் துணைத் தலைமையாசிரியை. கெட்டவர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் கறார் என்றால் அப்படி ஒரு கறார். கடிதம் மொட்டையாக இருந்தால் வாங்கவே மாட்டார். "தப்பு செஞ்சிட்டேன், மன்னிச்சிடுங்க" என்று இரண்டு வரி கிறுக்கி நீட்டினால் அப்படியே திரும்பி வரும். எங்கே நின்றாய், எப்படிச் செய்தாய், எந்தக் கையால் செய்தாய் என்று முழுசாக எழுத வேண்டும். எழுதும்போதே உறைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அவரிடம் போய் மாட்டிக்கொண்டவள்தான் நம் வக்கீல். கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல் இல்லை, பதினொன்றாம் வகுப்புப் பெண். பேசத் தொடங்கிய நாளிலிருந்து "ஏன்", "அது எப்படி" என்று வீட்டில் ஒருத்தரையும் உட்காரவிடாததால் அப்பா வைத்த பெயர் அது. தெருவும் பள்ளிக்கூடமும் அப்படியே கூப்பிட்டன. துணைத் தலைமையாசிரியை மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வாயாடுகிற பிள்ளைக்குப் பட்டம் வேறு கட்டி விடுவதா என்பார். அவருக்கு என்ன வந்தது என்கிறீர்களா? அவர் அவளுடைய பெரியம்மா. அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் பெரியம்மா காணாமல்போய் மேடம் வந்துவிடுவார்.

நடந்தது இதுதான். ஏழாம் வகுப்பில் குருவி என்று ஒரு பெண். ஆள் அவ்வளவுதான் இருப்பாள், ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். அன்றைக்கு மாடிப்படியின் கைப்பிடிமேல் ஏறி உட்கார்ந்து சர்ரென்று சறுக்கினாள். பாதியில் சாய்ந்தது உடம்பு, அந்தப் பக்கம் கீழே சிமெண்டுத் தரை. படியில் இறங்கிக்கொண்டிருந்த வக்கீல் எட்டி, கையில் சிக்கிய பள்ளிக்கூடப் பையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தாள். பையின் வார் அறுந்தது, குருவி படியில் விழுந்து உருண்டாள், கை முறிந்தது. கீழே நின்ற ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தபோது அவள் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று. பெரிய பெண் சின்னப் பெண்ணின் பையைப் பிடித்து இழுக்கிறாள், சின்னப் பெண் விழுகிறாள்.

குருவியின் அம்மா கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். கடையில் வாடிக்கையாளர் இருமி முடிப்பதற்குள் மருந்தை எடுத்து வைத்துவிடுகிற ஆள், இங்கேயும் அதே வேகம்தான். கட்டுப் போட்ட கையையும் அறுந்த வாரையும் பார்த்தார், கீழே நின்ற பெண் சொன்னதைக் கேட்டார், மறுநாள் காலையில் புகாரோடு வந்து நின்றார்.

"எழுது" என்றார் பெரியம்மா, வெள்ளைத் தாளை நீட்டி.

"மேடம், நான் தள்ளலை. அவ விழப் பார்த்தா, நான் பிடிச்சேன். வேணும்னா குருவியைக் கேளுங்க."

"கேப்போம். முதல்ல கடிதம்."

"தள்ளாதவ எப்படி மேடம் தள்ளினேன்னு எழுதறது?"

"வெளிய பெஞ்சுல உட்காரு. எழுதற வரைக்கும் வகுப்புக்குப் போகவேண்டாம்" என்று வலது கையைக் கதவுப் பக்கம் நீட்டினார்.

பெஞ்சு என்பது அவர் அறைக்கு வெளியே, போகிற வருகிற அத்தனை பேர் கண்ணிலும் படுகிற இடத்தில் கிடந்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் சாதாரணமாக இரண்டாவது பாடவேளை தாங்க மாட்டார்கள், எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவார்கள். வக்கீல் சாயங்காலம் வரை உட்கார்ந்தாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளைகள் அவளைப் பார்த்ததும் சுவரோரமாக ஒதுங்கிப் போயின, கையை முறிக்கிற அக்கா என்று. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வகுப்பு போனதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள்.

வீட்டில் அதைவிட ரகளை. அப்பா பஸ் ஓட்டுகிறவர், நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டுவிட்டு வீட்டில் அமைதி தேடுகிற மனிதர். "எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, ஒரு தாள்தானே" என்றார்.

"அந்தத் தாளைப் பார்த்துட்டு நாளைக்கு எல்லாரும் நான்தான் முறிச்சேன்னு சொல்வாங்கப்பா. இல்லைன்னு நீ போய்ச் சொல்வியா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அம்மா நேராக அக்கா வீட்டுக்கே போய்விட்டாள். "அக்கா, நீ தூக்கி வளர்த்த பிள்ளை. அவ பொய் சொல்வாளா?"

"அதனாலதாண்டி கஷ்டம்" என்றார் பெரியம்மா. "தங்கச்சி பொண்ணுன்னு விட்டுட்டேன்னு ஒருத்தர் வாய்ல வந்துடக் கூடாது. மத்த பிள்ளைங்களுக்கு ஒரு சட்டம், இவளுக்கு ஒரு சட்டமா? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதலைன்னா பேரை எடுத்துடுவாங்க. நான் தடுக்க மாட்டேன், என்னால முடியாது." தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே எழுந்து போய்விட்டார்.

பதினொன்றாம் வகுப்பில், பாதி வருடத்தில், கையை முறித்தவள் என்ற பெயரோடு பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பினால் வேறு எவன் சேர்த்துக்கொள்வான்? வெள்ளிக்கிழமை காலை வக்கீல் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். என்ன செய்வது என்று அவளுக்கே தெரியாது, பொய் எழுதமாட்டேன் என்பது மட்டும் தெரியும்.

அறையில் எல்லாரும் வந்தாயிற்று. மேசைக்குப் பின்னால் பெரியம்மா. ஒரு பக்கம் அம்மாவும் அப்பாவும், இன்னொரு பக்கம் மருந்துக்கடைக்காரம்மாவும் குருவியும். குருவியைக் கூட்டி வந்தது கட்டைக் காட்டத்தான், பேச வைக்க இல்லை. அது தலையைக் குனிந்துகொண்டு, நல்ல கையால் கட்டின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மேசையில் அதே வெள்ளைத் தாள், அதன்மேல் பேனா.

"கடைசியா கேக்கறேன்" என்றார் பெரியம்மா. "எழுதுவியா, மாட்டியா?"

வக்கீல் அந்தத் தாளைப் பார்த்தாள். இத்தனை நாள் பெஞ்சில் உட்கார்ந்தபோது, கடிதத்தோடு உள்ளே போனவர்கள் திரும்பி வந்து மறுபடி எழுதியதை எத்தனை தடவை பார்த்திருப்பாள். எந்தக் கையாலன்னு போடலை, திருப்பிக் குடுத்துட்டாங்க என்று புலம்பிக்கொண்டே எழுதுவார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். அப்பா பெருமூச்சு விட்டார்.

"எழுதறேன் மேடம். என்ன எழுதட்டும்?"

"குருவியைத் தள்ளினேன்னு எழுது."

"மொட்டையா எழுதினா வாங்கமாட்டீங்களே மேடம். எந்தப் படியில நின்னு தள்ளினேன்?"

பெரியம்மா வாயைத் திறந்தார். "அது... நீதான் சொல்லணும்."

"நான் தள்ளலையே மேடம், எனக்கு எப்படித் தெரியும். தள்ளினேன்னு சொல்றவங்களுக்குத் தெரியணும். மேல்படியா, நடுப்படியா? முன்னால இருந்தா, பின்னால இருந்தா? எந்தக் கை? நீங்க சொல்லச் சொல்ல எழுதறேன், ஒரு எழுத்து விடமாட்டேன்."

வாயாடித்தனம் என்று அதட்டியிருக்கலாம். ஆனால் கேட்டது அத்தனையும் பெரியம்மாவே வருடக்கணக்காகப் பிள்ளைகளிடம் கேட்டுவந்த கேள்விகள். அவர் மருந்துக்கடைக்காரம்மா பக்கம் திரும்பினார். "எந்தப் படிங்க?"

"நான் என்ன பக்கத்துல நின்னா பார்த்தேன்?" என்றார் அவர். "கீழே நின்ன பொண்ணு சொன்னா. பையைப் பிடிச்சு இழுத்தாளாம்."

"இழுத்தாளா, தள்ளினாளா?"

"ஏதோ ஒண்ணு மேடம். என் பொண்ணு கை முறிஞ்சிருக்கு."

பெரியம்மாவின் கண் மெதுவாக நகர்ந்து, இத்தனை நாளும் யாரும் திரும்பிப் பார்க்காத இடத்துக்கு வந்து நின்றது. "குருவி, நீ சொல்லும்மா. எந்தப் படியில உன்னைத் தள்ளினா?"

"அவளுக்கு என்ன தெரியும், பயந்து போயிருக்கா" என்று அம்மாக்காரி ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் இருங்க" என்றார் பெரியம்மா. அந்தக் குரலைக் கேட்டு மருந்துக்கடைக்காரம்மாவே வாயை மூடிக்கொண்டார்.

குருவி நிமிர்ந்தாள். "படியில இல்லை மேடம்" என்றாள், சத்தமே வராமல். "கைப்பிடி மேல. சறுக்கினேன். அந்தப் பக்கம் விழ இருந்தேன் மேடம், கீழே தரைக்கு. அக்காதான் பையைப் பிடிச்சு இந்தப் பக்கம் இழுத்தாங்க. அவங்க தள்ளவே இல்லை."

மருந்துக்கடைக்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "ஏண்டி, இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கலையேம்மா. யார் தள்ளினான்னு கேட்ட. கைப்பிடியில ஏறினேன்னா அடிப்பேன்னு வேற முன்னாடியே சொல்லியிருக்க." அதற்குமேல் தாங்கமாட்டாமல் குருவி ஓவென்று அழுதாள். "நான் சொல்லாம இருந்ததால அக்காவைத் துரத்திடுவாங்களா?"

வக்கீல் எழுந்துபோய்க் கட்டுப்போட்ட கை இடிபடாமல் அவளை அணைத்துக்கொண்டாள். வக்கீலின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா, அமைதி தேடுகிற மனிதர், மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "என் பொண்ணு அன்னைக்கே சொன்னா" என்றார். சொல்லிவிட்டுத் தன் கையைத் தானே ஆச்சரியமாகப் பார்த்தார். மருந்துக்கடைக்காரம்மா எழுந்து வந்து வக்கீலின் கையைப் பிடித்தார். என்னென்னவோ சொல்ல வந்து, "தலை அடிபட்டிருக்கும்மா, தலை அடிபட்டிருக்கும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பெரியம்மா மேசையில் கிடந்த வெள்ளைத் தாளை எடுத்துத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, பள்ளி முழுக்க மைதானத்தில் வரிசையாக நிற்கும்போது, அவர் மைக் முன்னால் வந்தார். கையில் அந்தத் தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"நான் ஒரு தப்பு செஞ்சேன். என் அறையில, என் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டுச் செஞ்சேன். ஒரு பொண்ணு உண்மையைச் சொல்ல வந்தா. கேக்காம, இந்த வலது கையால வாசலைக் காட்டி, போய் பெஞ்சுல உட்காருன்னு சொன்னேன். அவ தள்ளலை. விழ இருந்த பிள்ளையைக் காப்பாத்தினா. இதை நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன், ஏன்னா அவளை நான் எல்லார் முன்னாடியும்தான் உட்கார வெச்சேன்." தாளை மடித்தார். "இனிமே முதல்ல கேப்போம். ரெண்டு பக்கமும் கேட்ட பிறகுதான் மத்தது. இதுக்கு முன்னாடி செய்யாத தப்புக்கு எழுதிக் குடுத்தவங்க யாராவது இருந்தா, பயப்படாம கையைத் தூக்குங்க."

முதலில் எட்டாம் வகுப்பு வரிசையில் ஒரு கை எழுந்தது. பிறகு ஒன்பதில் இரண்டு. அப்புறம் அங்கே இங்கே என்று எண்ணமுடியாமல் எழுந்தன, பெரிய வகுப்புப் பையன்கள்கூட அசடு வழியத் தூக்கினார்கள். பெரியம்மா ஒவ்வொரு கையையும் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "எல்லாரையும் கேக்கறேன்" என்றார். "ஒருத்தர் விடாம." அப்போது தட்ட ஆரம்பித்த கைகள் நிற்க வெகுநேரம் ஆயிற்று. ஏழாம் வகுப்பு வரிசையில் குருவி, ஒரு கைதான் என்பதால், தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். வக்கீல் அழுகையும் சிரிப்புமாக நின்றாள், வாதாட ஒன்றும் இல்லாமல்.

அதோடு விட்டுவிடலாம்தான், ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்கமுடியவில்லை. அந்த வாரமே அறைக்கு ஒரு புகார் வந்தது. சிற்றுண்டிக் கடை வரிசையில் ஒரு ஆறாம் வகுப்புப் பெண்ணை ஒதுக்கிவிட்டு முன்னால் நுழைந்ததோடு, அதுதான் நியாயம் என்று அந்தக் குழந்தையிடம் மணி அடிக்கும்வரை வாதாடினாளாம் ஒருத்தி. யார் என்று நான் சொல்லவேண்டுமா?

பெரியம்மா எதிர் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க வக்கீலம்மா" என்றார், முதல்முறையாக அந்தப் பேரைச் சொல்லி. "என்ன நடந்துச்சு? உங்க பக்கத்தைச் சொல்லுங்க."

ஒரு வாரம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்த கேள்வி. வக்கீலின் காது மடல் சிவந்தது.

"நான்தான் பெரியம்மா" என்றாள். "தப்பு என் பேர்லதான். தாள் குடுங்க."

எங்கே நின்றாள், எப்படி நுழைந்தாள், எந்தக் கையால் ஒதுக்கினாள் என்று ஒன்று விடாமல் எழுதினாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்ட பிறகு எழுதிய முதல் கடிதம் அதுதான்.