எட்டரை மணி நேரம்

"அந்த ஊர் எவ்வளவு தூரம்மா?"

"காலையில எட்டரைக்கு ஏறினா, சாயங்காலம் அஞ்சுக்கு அங்க இறங்கிடலாம்ப்பா."

"எட்டரை மணி நேரம். ப்பூ, இவ்வளவுதானா? நம்ம ராத்திரி வண்டியையே பத்து மணி நேரம் உருட்டுறான்."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், வெளிநாட்டு மாப்பிள்ளையோடு மகளின் கல்யாணப் பேச்சு நடந்தபோது அப்பாவும் அவளும் பேசியது இது. அப்பா பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர். சேரும் நேரத்தில் கிளம்பும் நேரத்தைக் கழித்தால் பயண நேரம். ஆயுள் முழுக்க அவர் போட்ட கணக்கு அதுதான். அங்கே கடிகாரம் வேறு மணி காட்டும், பயணம் ஏறக்குறைய ஒரு முழு நாள் என்று மகள் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். மாப்பிள்ளையை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அம்மா மட்டும் முதல் வருடமே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்பாவிடம் சொல்லாதே, மனுஷனுக்குத் தூக்கம் போய்விடும் என்றாள். மகள் போய்ச் சேர்ந்த போன் மறுநாள் வந்தாலும், சாயங்காலமே வந்துவிட்டதாக அவரிடம் சொல்லிவிடுவாள். ஒவ்வொரு முறை மகள் வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போதும் விமான நிலைய வாசலில் அப்பா எதையோ சொல்ல வாயெடுப்பார். அம்மா அவர் கையை அழுத்துவாள். உடனே அவர், தண்ணீர் பாட்டில் எடுத்தாயா என்று கேட்டு முடித்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா சமையலறையில் சரிந்து விழுந்தாள். மருத்துவமனையிலிருந்து அப்பா போன் செய்ததும், கிளம்பிவிட்டேன் என்றாள் மகள். சாயங்காலம் வந்துவிடுவாள் என்று அம்மாவின் காதருகே சொல்லிவிட்டு, நாலு மணிக்கே போய் மருத்துவமனை வாசலில் நின்றார் அப்பா. வந்த கார்களையெல்லாம் எட்டிப் பார்த்தார். இருட்டிய பிறகும் உள்ளே போய் அதையே சொன்னார்.

விடியும்போது அம்மா போய்விட்டாள். மகள் வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, அப்பா அவள் பெட்டியருகே வந்து உட்கார்ந்தார். குரலில் கோபமே இல்லை.

"வண்டி லேட்டாம்மா? வழியில ரிப்பேரா?"

வண்டி சரியான நேரத்துக்குத்தான் வந்தது என்று சொல்லி, மறைத்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். அப்பா விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். பாதியில் விட்டுவிட்டார்.

"அப்ப, கடைசியா உங்கம்மாகிட்ட நான் பொய் சொல்லியிருக்கேன்."

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா. எப்பவோ தெரியும்."

"தெரியுமா? நான் சொன்னப்பல்லாம் சரி சரின்னு தலையாட்டினாளே."

தனக்காகத்தான் அவள் அப்படித் தலையாட்டினாள் என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். மகள் முதுகைத் தடவினாள். நாலு நாளில் அவள் திரும்ப வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், கணவருக்கு வேலை என்று வந்தவர்களிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததை அப்பாவும் கேட்டிருந்தார்.

துண்டை எடுத்தார். கையை அழுத்த இப்போது ஆள் இல்லை.

"மாப்பிள்ளைகிட்ட பேசிப் பாரேன். எந்த ஊரா இருந்தாலும் சரி. கூப்பிட்டா வர்ற தூரத்துல இரும்மா."