நெலு மாமாவின் நெஞ்சுவலி

நெலு மாமாவுக்கு அன்றைக்கும் நெஞ்சுவலிதான். வாரத்தில் மூன்று நாள் வரும். பாவம், ரப்பர் பொம்மை, என்ன செய்வார்! யாசி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நர்ஸ் படிப்புக்காக வாங்கியது. மூச்சு விடும், நாடி துடிக்கும். பேச்சு மட்டும் விரிவுரையாளர் வெதூரியாவுடையது. உள்ளிருந்து மட்டும் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் இருட்டறையில் உட்கார்ந்து மைக்கில் அவள்தான் முனகுவாள். இருபத்திரண்டு வருஷம் அவசரப் பிரிவில் நர்ஸாக ஓடித் தேய்ந்தவள். முனகலில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வெளியே லிண்டன் மரங்கள் பூத்துக் கிடந்தன. அந்த வாசனை இருட்டறைக்குள்ளும் வந்து கண்ணைச் சொருக வைத்தது.

நான்கு மாணவிகளுக்குப் பரீட்சை. இலிங்காவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. படிப்பில் கெட்டி, ஆனால் பொம்மையை நோயாளியாக நினைக்கவே மாட்டேன் என்கிறாள். அதனிடம் பேசச் சொன்னால் கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறாள். போன தடவை வெதூரியா எல்லார் எதிரிலும் அவளை வறுத்தெடுத்துவிட்டாள். இனிமேல் கட்டிலை விட்டு நகர்ந்தால் ஃபெயில் என்று சட்டமும் போட்டாள்.

பாதிப் பரீட்சையில் வெதூரியாவின் தோளிலிருந்து தாடை வரை ஏதோ இறுக்கியது. காலையில் தின்ற பாலாடைக்கட்டி அடையின் வேலை என்று நினைத்தாள். ஊரார் நோயை அரை நொடியில் கண்டுபிடிக்கிறவர்களுக்குத் தன் நோய் என்றால் கண் தெரியாது. பிறகு வியர்த்தது. எழுந்திருக்கக் கால் வரவில்லை. பயந்துபோனாள்.

"எனக்கு நிஜமாவே முடியலம்மா," என்றாள் மைக்கில்.

நெலு மாமாவும் வழக்கமாக அப்படித்தான் சொல்வார். குரல் பொம்மையின் வாயிலிருந்து வந்ததும் மாணவிகள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி ஆக்சிஜன் வைத்தாள், ஒருத்தி ஊசி போட்டாள், ஒருத்தி அதன் கையைத் தடவி நாங்க இருக்கோம் மாமா என்றாள். ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாம் வெதூரியா கற்றுக்கொடுத்ததுதானே.

வெதூரியா மிதந்துகொண்டிருந்தாள். தானே அந்தக் கட்டிலில் கிடப்பது போலவும், அத்தனை கைகளும் தன்னைத் தேடி நீள்வது போலவும், ஒன்றுகூட வந்து சேராதது போலவும் இருந்தது. மார்பில் லிண்டன் பூக்கள் கொட்டிக் குவிந்தன. ஒவ்வொன்றும் கல் கனம். பொம்மை பிழைக்கும், நான் போய்விடுவேன் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

இலிங்கா மட்டும் கட்டிலைத் தொடவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவுக்கு ஒண்ணுமில்லடி. குரலக் கேளு, மேடத்துக்குத்தான் மூச்சு வாங்குது," என்றாள்.

நடிப்புடி, நகர்ந்தால் ஃபெயில் என்று மற்றவர்கள் பல்லைக் கடித்தார்கள். போனால் போகட்டும் என்று அவள் கட்டிலை விட்டு வந்து இருட்டறைக் கதவைத் திறந்தாள்.

அடுத்த நொடி ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள். பிறகு முழங்காலிட்டு வெதூரியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வெதூரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறர் வலியையெல்லாம் பேசிக் காட்டியவளுக்குத் தன் வலியைச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.

"பேசாதீங்க மேடம். முகத்தப் பாத்தாலே தெரியுது."

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் வெதூரியா இலிங்காவின் கையை விடவில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்காத இந்த ஒருத்தியையும் அவள் திருத்தியிருந்தால், இந்நேரம் பொம்மை மட்டும்தான் பிழைத்திருக்கும்.