புள்ளிக்கு ஹாரன் கிடையாது

இப்போது ஜனங்களுக்கு நிற்கத் தெரியவில்லை. பேருந்து நிறுத்தத்தில் போய்ப் பாருங்கள், ஒருத்தனாவது சாலையைப் பார்க்கிறானா? குனிந்த தலை நிமிராமல் போனைப் பார்க்கிறான். பஸ் என்ன அதற்குள்ளிருந்தா வரப்போகிறது? வண்டி வந்து, நின்று, கதவு மூடிக் கிளம்பின பிறகு "ஏய், ஏய்" என்று ஓடிவருவான். ஏறினதும் டிரைவரைத் திட்டுவான். புகார் எழுத மட்டும் அந்த விரல் எப்படித்தான் அத்தனை வேகமாக ஓடுமோ.

அப்படிப்பட்ட விரல்கள்தான் என் மகன்மேல் புகார் எழுதின. அவன் ஓட்டுவது வட்டப் பேருந்து. ஊரைச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். ஓய்வு பெறும்வரை நானும் அதே தடத்தில்தான் ஓட்டினேன். அவன் வண்டி எப்போதும் தாமதம். வந்தால் பிதுங்கி வழியும். அதன் முதுகை உரசுகிற மாதிரி அடுத்த வண்டி காலியாக வரும். டிப்போவில் என் மகனுக்குப் பல்லக்கு என்று பெயர். பின்னால் வருகிறவன் ராக்கெட். மேலாளர் விசாரிக்கப் போகிறார், பல்லக்கைத் தடத்திலிருந்து இறக்கி வண்டி கழுவப் போட்டுவிடுவார் என்று பேச்சு.

"நிறுத்தத்துக்கு நிறுத்தம் வாயாடிக்கிட்டு நின்னிருப்பே. வேற என்ன?" என்று அவனிடம் கேட்டேன். அன்றோடு என்னுடன் பேசுவதை விட்டுவிட்டான். சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட மனைவியைப் பார்த்துத்தான் கேட்பான். உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

மருமகள் கம்ப்யூட்டர்காரி. ஆபீஸ் வேலை முடிந்தாலும் சும்மா இருக்கமாட்டாள். குழாய் எப்போது அதிகமாகச் சொட்டுகிறது, மாடிப்படியில் எந்தப் படி முதலில் தேய்கிறது, எல்லாவற்றையும் படமாகப் போட்டுப் பார்க்க வேண்டும் அவளுக்கு. ஒருநாள் ஒரு கோட்டைக் காட்டினாள். மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கியது.

"இது யாருன்னு தெரியுதா மாமா?"

"ஏதோ காண்டாமிருகம்."

"உங்க குறட்டை."

விசாரணைக்கு முந்தின நாள் பிற்பகல் அவள் அறைக்கு என்னைக் கூப்பிட்டாள். திரைச்சீலையை இழுத்து விட்டிருந்ததால் அறை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் மங்கலாக இருந்தது. கம்ப்யூட்டரில் கறுப்புப் பரப்பு. அதில் ஒரு வட்டம். வட்டத்தின் மேல் மஞ்சள் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் அங்கங்கே மாவு தூவினாற்போல் வெள்ளையாக ஏதோ சேர்ந்துகொண்டே இருந்தது.

"மஞ்சள் பஸ்ஸு மாமா. வெள்ளை, காத்துக்கிட்டு நிக்கிற ஜனம்."

"எவன் சொன்னான்?"

"நான்தான். இதை எழுதினதே நான்தானே."

"அப்போ நீ சொன்னபடிதான் ஆடும். புருஷனைக் காப்பாத்த எழுதியிருக்கே."

"இதுல எந்தப் புள்ளி அவர்னு எனக்கே தெரியாது மாமா. எல்லாத்துக்கும் ஒரே சட்டம். ஆள் நின்னா நிறுத்து, ஏத்து, கிளம்பு. நிறைய பேர் ஏறினா நிறைய நேரம் ஆகும். அவ்வளவுதான் எழுதினேன்."

புள்ளிகள் சீரான இடைவெளி விட்டுப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நிறுத்தத்தில் மாவு கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. அங்கே ஒரு புள்ளி சற்றே தயங்கியது. அது அடுத்த நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கேயும் மாவு கூடிவிட்டது. மறுபடி தயக்கம். பின்னால் வந்த புள்ளிக்கோ துடைத்துவிட்டாற்போல் வெறும் நிறுத்தங்கள். வழுக்கிக்கொண்டு வந்து முன்னதன் முதுகில் ஒட்டிக்கொண்டது. இரண்டும் எறும்புகள்போல் ஒன்றையொன்று தொட்டபடி போயின.

பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தமில்லை, புகையில்லை. கண் செருகியது. பார்த்தால் நான் அந்த வட்டத்துக்குள்ளே இருக்கிறேன். கால் தானாகக் கிளட்சைத் தேடுகிறது. கண்ணாடிக்கு வெளியே கறுப்பு, கறுப்புக்குள் ஒரு நிறுத்தம். அங்கே வெள்ளைத் தூசு எழுந்து நின்று கை காட்டுகிறது. ஏறும்போது அதற்கு எடையே இல்லை. உட்கார்ந்ததும் வண்டி கனக்கிறது. சாலை வளைகிறது, வளைந்துகொண்டே இருக்கிறது, எங்கும் போய்ச் சேரவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

"தூங்கிட்டீங்களா மாமா?"

"ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒரு புள்ளியை என்கிட்ட குடு."

ஒரு பொத்தானை வேகத்துக்கும் ஒன்றை நிறுத்தத்துக்கும் வைத்துக் கொடுத்தாள். நான் ஓட்டினேன். காரணமில்லாமல் நிற்பது எங்கள் டிப்போவில் கேவலம். நிறுத்தத்தில் ஆளில்லையா, போய்க்கொண்டே இரு. அப்படித்தான் பழகின கை. கொஞ்ச நேரத்தில் முன்னால் போனவன் குறுக்கே நின்றான்.

"இவன் என்ன மாடு மேய்க்கிறானா? ஹாரன் எங்கே?"

"புள்ளிக்கு ஹாரன் கிடையாது மாமா. உங்க நிறுத்தத்துல ஏன் ஆளே இல்லை?"

"எப்படி இருக்கும்? எல்லாரையும் அவன்தான் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போறானே!"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் வாயாலேயே சொல்ல வைப்பதில் அவள் பெரிய கெட்டிக்காரி.

பிறகு, "பின்னாடி வர்ற வண்டி கொஞ்சம் நின்னு வந்தா ரெண்டும் பிரிஞ்சிடும். அந்தப் பொத்தானை அழுத்துங்க" என்றாள்.

"ஆளே இல்லாத இடத்துல நிக்கிறவன் டிரைவரா?"

என் விரல் போகவில்லை. அவளே அழுத்தினாள். என் புள்ளி கேவலமாக நின்றது. மற்றவை மெல்ல மெல்ல விலகி, வட்டத்தில் பழையபடி பரவின.

"நாளைக்கு மேனேஜர்கிட்ட இதைக் காட்டப் போறேன். நீங்களும் வாங்க மாமா."

"நம்பாததுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்."

"சாட்சி வேணாம். கூட வாங்க, போதும்."

போனேன். மேலாளர் ஒரு காலத்தில் என் வண்டியில் கண்டக்டராக இருந்தவர். "வாங்கண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மகன் சுவரோரம் நின்றான். ராக்கெட் வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். மருமகள் மேஜைமேல் கம்ப்யூட்டரைத் திறந்து, மேலாளருக்கும் ஒரு புள்ளி கொடுத்தாள். அவரும் விரட்டிக்கொண்டு போய் முன்னால் போனவன் முதுகில் முட்டினார்.

"சார், நீங்களும் ராக்கெட்தான்!" என்று ராக்கெட் கைதட்டினான்.

மேலாளர் சிரிக்கவில்லை. மறுபடி ஓட்டினார், மறுபடி முட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, இந்தத் தடம் உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க. பல்லக்கு மேல தப்பு இருக்கா, இல்லையா?"

மகன் என்னை நேராகப் பார்த்தான்.

"இந்தப் புள்ளியை நான் நம்பலை" என்றேன். "இதுல மழை இல்லை. ஏற மாட்டேன்னு அழற குழந்தை இல்லை. முன்வாசல் வழியா இறங்குவேன்னு அடம் பிடிக்கிறவன் இல்லை."

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆனா நேத்து நான் ஓட்டினப்போ என் வண்டி காலி. முன்னாடி போனவன் என் ஜனத்தையும் சேர்த்துச் சுமந்தான். சுமக்கிறவனை வண்டி கழுவ அனுப்பினா, காலியா வந்தவனை எங்கே அனுப்புவே?"

மேலாளர் கன்னத்தைச் சொறிந்துகொண்டு திரையையே பார்த்தார். கடைசியில், "பல்லக்கு தடத்துலயே இருக்கட்டும். ராக்கெட், இனிமே நீ பாலத்துக்கிட்ட நின்னு, முன்னாடி வண்டி விலகினப்புறம் வா" என்றார்.

"சும்மா நிக்கணுமா சார்? உள்ள இருக்கிற ஜனம் என் தோலை உரிச்சிடும்!"

"உரிக்கட்டும். பார்ப்போம்."

எல்லோரும் மறுபடி மேஜையைச் சுற்றிக் குனிந்தார்கள். மஞ்சள் வெளிச்சம் அவர்கள் முகங்களில் ஊர்ந்தது. விழித்துக்கொண்டே கனவு காண்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"அப்பா, உக்காருங்க. இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க" என்றான் மகன்.

"வண்டியை நிறுத்தி வெச்சா சீக்கிரம் போய்ச் சேருமாம். யார் காதுல பூ சுத்துறீங்க? எனக்கு வேலை இருக்கு."

எனக்கு ஒரு வேலையும் இல்லை. எழுந்து நடந்தேன். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது, அவன் சிரிப்பும் அதில் இருந்தது. வெளியே வண்டிகள் வெயிலில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. டிரைவர் ஒழுங்காக ஓட்டினால் வண்டி ஒழுங்காக வரும், இதில் வட்டம் என்ன, மாவு என்ன என்று முனகிக்கொண்டே நிழல் பார்த்து நடந்தேன்.