சிவப்புக் கால்சட்டை போட்ட ஆடுகள்

செடான் போர்க்களத்தில் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி பிரஷ்யர்களிடம் சரணடைந்த செய்தி பாரிசுக்கு வந்த வாரமே, முசியே பார்தூவின் அச்சுக்கூடத்தில் சக்கரவர்த்தியைக் கேலி செய்யும் படங்கள் குவிந்தன. நீள மேசையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு நிறம் பூசித் தாளைத் தள்ளிவிடுவார்கள். ஸெலிக்குச் சிவப்பு. சக்கரவர்த்தியின் மூக்கு அவள் பொறுப்பு.

"நல்லா அப்பு, அக்கா. குடிகாரன் மூக்கு மாதிரி இருக்கணும்," என்பாள் பக்கத்தில் மஞ்சள் பூசும் நினி. ஸெலியும் எல்லோரோடும் சிரித்துவைப்பாள். அவளுடைய ஒரே மகன் அனத்தோலும் செடானில்தான் சிப்பாயாக இருந்தான். கைதியாக ஜெர்மனிக்குப் போனானா, மண்ணுக்குள் போனானா, தெரியவில்லை. பிரஷ்ய ஜெர்மன் படை பாரிசைச் சுற்றி வளைத்திருந்ததால் கடிதம் வர வழியில்லை.

அக்டோபரில் புதுப் படம் ஒன்று வந்தது. சக்கரவர்த்தி மேய்ப்பனாகப் போகிறார். பின்னால் சிப்பாய்த் தொப்பி போட்ட ஆட்டு மந்தை. ஆடுகளை வெள்ளையாகவே விட வேண்டும். ஸெலி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொன்றின் பின்னங்கால்களுக்கும் படைவீரர்களின் சிவப்புக் கால்சட்டையைப் பூசினாள். இதுகள் ஆடுகள் இல்லை, பிள்ளைகள் என்று ஒருவருக்காவது உறைக்கட்டும் என்று நினைத்தாள்.

அந்தப் படத்தைத் தொங்கவிட்ட கடை ஜன்னலில் கூட்டம் நெரிந்தது. முன்பைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

"உனக்குள்ள இப்படி ஒரு குசும்பா, ஸெலி?" என்றார் பார்தூ. "இனிமே எல்லாப் பிரதியிலயும் ஆட்டுக்குக் கால்சட்டை மாட்டிவிடு."

"என்னால முடியாது, முசியே."

"நீதானம்மா ஆரம்பிச்சே?"

"என் பையன் அங்க இருந்தான்."

பார்தூ தாடியைச் சொறிந்தார். "சரி, இதுக்குச் சிவப்பையும் நினி பாத்துக்கட்டும்," என்று சொல்லி, அவளுக்கு வேறொரு படத்தைக் கொடுத்து ஜன்னலோரம் தனியாக உட்காரவைத்தார்.

அதற்குப் பிறகு யாரும் அவளிடம் கேலி பேசவில்லை. அவள் உள்ளே வந்தாலே சிரிப்பு அடங்கிவிடும். அவர்கள் சிரித்துத் தொலைத்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவளுக்குக் கொடுத்த படத்தில் சக்கரவர்த்தி தன்னைச் சிறைவைத்த ஜெர்மன் மாளிகையில் இரவுத் தொப்பியோடு தனியாக உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு ஜன்னல். அதற்கு வெளியே ஓவியர் எதுவும் வரையவில்லை. மூக்கை முடித்த ஸெலியின் தூரிகை அந்த வெற்றிடத்தின் மேல் தயங்கி நின்றது.

"முசியே, அந்த ஊர்ல இப்பவே பனி விழுமா?"