காட்டுவள்ளிக்கு எத்தனை இலை?

1

இந்தக் கதை கல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில் பிறந்தது என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "தொண்டை அரிக்காது, தீதி" என்று அக்கா முறை சொல்லி ஒரு கடைக்காரர் சேனைக்கிழங்கு கொடுத்தார். அரித்தது. வெந்நீர் குடித்துக்கொண்டே, நம்பித் தின்பவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: 'கல்கத்தாவில் அன்று மழை, நதியின் மேல் ஒரு…' வேண்டாம். ஆளைச் சொல்கிறேன்.

2

சீதாராமன் செடிகொடிகளைப் படம் வரைபவர். கல்கத்தாவில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் உத்தியோகம். வருஷம் 1908. மேற்கு ஜில்லாக்களில் பஞ்சம். எழுத்துத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துக் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்னட்டும் என்று அலுவலகம் முந்நூறு தாள் அச்சடித்தது. காட்டுவள்ளிப் படம் சீதாராமனுடையது. உலர்த்தி ஒட்டிய கொடியைப் பார்த்து வரைந்தார். ஒரு காம்பில் மூன்று இலை.

தாள்கட்டு ஹவுரா ஸ்டேஷனுக்குப் போன அன்றே, காட்டிலிருந்து பச்சைக் கொடியும் ஒரு கடிதமும் வந்தன. காட்டுவள்ளிக்கு ஒரு காம்பில் ஐந்து இலை. மூன்று இலை உள்ளது வேறு கொடி. அதன் கிழங்கு விஷம்.

3

முதலில் அலுவலகத்து வெள்ளைக்காரத் துரையை வில்லனாக்கினேன். அவர் கடிதத்தை மடித்து, "அடுத்த பதிப்பில் திருத்தலாம்" என்றது உண்மைதான். ஆனால் சீதாராமனை எவ்வளவு தூரம் நல்லவராக வைத்திருப்பது? உலர்ந்த காம்பில் இலை உதிர்ந்த தழும்புகள் இரண்டு இருந்தன. அவர் பார்த்தார். படம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

(அவர் மனைவி ஜலஜா அழுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவளுக்கு விஷயமே தெரியாது.)

4

சீதாராமன் ஸ்டேஷனுக்கு ஓடினார். கப்பல் போவதற்காக நதியின் மிதவைப் பாலத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். 'ஒவ்வொரு நிமிஷமும் ஒரு யுகமாக…' இல்லை. முக்கால் மணி நேரம் நின்றார், அவ்வளவுதான். மழையில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

பார்சல் ஆபீஸில் இருந்தவர் பட்டாபிராமன், தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர்.

"அனுப்பினவா லெட்டர் இல்லாம திருப்பித் தர முடியாது ஓய். என் வேலை போயிடும்."

"அங்க பிராணன் போயிடும்."

பட்டாபிராமன் கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டிக்கு நாப்பது நிமிஷம் இருக்கு. கட்டு நனைஞ்சுடுத்து, பிரிச்சுக் கட்டினேன்னு எழுதிக்கறேன். அதுவரைக்கும் வெச்சுக்கும். ஒரு தாள் குறையப்படாது, எண்ணித்தான் வாங்கிப்பேன்."

(தந்தி அடிக்கலாமே என்பீர்கள். அடித்தார். சர்க்கார் தாளைத் தப்பு என்று சொல்லும் ஒரு வரைபவரின் தந்தியை ஜில்லாவில் யார் மதிப்பார்கள்? கட்டோடு ஓடிவிடலாமே என்றால், அப்படியும் ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். பட்டாபிராமனின் முகம் குறுக்கே வந்தது.)

5

பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். முந்நூறு தாள், தாளுக்கு இரண்டு இலை. தாளுக்கு எட்டு விநாடிதான் கணக்கு.

முதல் தாளில் நரம்புகூடப் போட்டார். ஐந்தாவதில் நரம்பை விட்டார். இருபதாவதில் விளிம்பு நடுங்கியது. பிறகு ஒரு வளைகோடு, இன்னொரு வளைகோடு. பென்சில் முனை மழுங்க, பல்லால் கடித்துச் சீவினார். விரல் மரத்துவிட்டது.

வண்டி வரக் கைகாட்டி இறங்கியது. பட்டாபிராமன் காதில் செருகியிருந்த பென்சிலை உருவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு வரைய வராது ஓய்."

"இலை மாதிரி இருந்தாப் போறும்."

மிச்சத் தாள்களில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வண்டி உள்ளே வந்துவிட்டது. இருவரும் நிமிரவில்லை. கார்டு விசில் ஊதினார்.

6

முந்நூறும் முடிந்தது என்று எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இருபத்தேழு மிச்சம் என்று மாற்றினேன். அந்த எண்ணைப் பார்த்ததும் மேலே எழுத முடியவில்லை. பத்தொன்பது? நாலு?

நான் எழுதப்போவதில்லை. எண்ணை நீங்கள் போடுங்கள். ஆனால் போடும்போது, திருத்தாத தாள்களில் முதலாவதை வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறவளுக்கு ஒரு பெயரும் வைத்துவிடுங்கள்.