மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாத குடும்பம்

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிமூன்று வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு நோட்டீஸிலிருந்து. இரண்டாயிரம் பிரதிகள். அதற்குப் பிறகு எழுதிய மூன்று புத்தகங்களையும் சேர்த்தால்கூட அத்தனை பேர் படித்ததில்லை. தலைப்பு: 'மயக்க மருந்தா, மருத்துவக் கொலையா?'

கொலைதான் என்று கடைசி வரியில் முடித்திருந்தேன். அந்த வயதில் முடிவுகள் எனக்குச் சுலபமாக வந்தன.

2

தொடக்கம், முதல் வரைவு: கோமுகி அணைக்கு மேலே கருமேகங்கள் திரண்டு

(வேண்டாம். அன்றைக்குச் சுள்ளென்று வெயில்.)

இரண்டாவது வரைவு: என் பள்ளித்தோழன் சின்னராசுவுக்குக் கச்சிராயபாளையத்தில் மூன்று ஏக்கர் கரும்பு. அவனுடைய தம்பி சரத்குமாருக்கு இருபத்திரண்டு வயதில் குடல்வால் ஆபரேஷன். கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன மருத்துவமனை. மயக்கம் கொடுத்தவர் டாக்டர் விஜயலட்சுமி. கொடுத்த அரைமணி நேரத்தில் அவன் உடம்பு கட்டைபோல விறைத்தது. காய்ச்சல் நூற்றெட்டைத் தாண்டியது. மாலைக்குள் இறந்துபோனான்.

மருந்து ஜாஸ்தியாகிவிட்டது என்றோம். நான்குமுனைச் சந்திப்பில் மறியல் செய்தோம். சின்னராசு முன்னால் நின்றான். நான் நோட்டீஸ் கொடுத்தேன். டாக்டர்மேல் தவறில்லை என்று விசாரணையில் வந்ததை நாங்கள் நம்பவில்லை. அதற்குள் அவர் ஊரைவிட்டே போயிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று டீ குடித்தோம்.

3

இங்கே சின்னராசு என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. அவனை முரடன் என்று எழுதினால் எல்லோருக்கும் வசதி. ஆனால் அவன் தம்பியைப் பறிகொடுத்தவன், அவ்வளவுதான். முரட்டு வாக்கியங்கள் என்னுடையவை.

போன வருடம் அவன் மகள் இலக்கியா கல்வராயன்மலை ரோட்டில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் தாடை எலும்பு உடைந்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று ஆபரேஷனுக்கு முன்னால் ஜீவா என்கிற இளம் மயக்க டாக்டர் கேட்டார்.

"அப்படி யாரும் இல்லீங்க" என்றான் சின்னராசு.

அவன் பொய் சொல்லவில்லை. தம்பியைக் கொன்றது மருந்தல்ல, டாக்டர்தான் என்று அவனுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேனே.*

* என் தரப்பை விளக்கி இங்கே ஒன்றரைப் பக்கம் அடிக்குறிப்பு எழுதினேன். அடித்துவிட்டேன்.

4

இலக்கியாவின் உடம்பும் விறைத்தது. ஆனால் ஜீவாவுக்கு அறிகுறி புரிந்தது. அதற்கான மாற்று மருந்தும் அங்கே இருந்தது. மயக்க வாயுவை நிறுத்தினார்கள், ஊசி போட்டார்கள், உடம்பெங்கும் ஐஸ் வைத்தார்கள். மூன்றாம் நாள் கண் விழித்தாள்.

நான் பார்க்கப் போயிருந்த அன்று, தம்பி இறந்த விதத்தைச் சின்னராசு சொல்லக் கேட்டு, ஜீவா காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். தசைக்குள் கால்சியத்தை அடைத்து வைக்கும் சிறு அறைகள் உண்டு. தசை சுருங்கக் கொஞ்சம் கால்சியம் வெளியே வரும். வேலை முடிந்ததும் உள்ளே போய்விடும். இந்தக் குடும்பத்தில் சிலருக்குப் பிறவியிலேயே அந்த அறைகளின் வாசலில் கோளாறு. சில மயக்க மருந்துகள் பட்டால் திறந்தது மூடாது. தசை இறுகிக்கொண்டே போகும், உடம்பு கொதிக்கும்.

"மதகு மூட மாட்டேங்குது, அதானுங்களே" என்றான் சின்னராசு.

(உவமை என்னுடையது என்று எழுத ஆசைதான். அணைத் தண்ணீரில் கரும்பு வைப்பவன் அவன்.)

வராந்தாவுக்கு வந்து, ஜீவா படம் போட்ட காகிதத்தை மறுபடி விரித்துப் பார்த்தான். பிறகு என்னிடம் கேட்டான்: "அப்போ அந்த டாக்டரம்மா ஒன்னும் பண்லியாபா?"

5

விழுப்புரத்தில் டாக்டர் விஜயலட்சுமியின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனோம்.

முடிவு அ: அவர் கண்கலங்கி மன்னிக்கிறார்.

முடிவு ஆ: கதவைச் சாத்துகிறார்.

நடந்தது வேறு. உட்காரச் சொன்னார். சின்னராசு எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். நோட்டீஸ் எழுதியவன் நான் என்று நானும் சொன்னேன். மனப்பாடம் செய்து வந்திருந்த மன்னிப்பின் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுவா இருக்கும்னு எனக்கு அப்பவே சந்தேகம். வீட்ல மத்தவங்க ஜாக்கிரதையா இருக்கணும்னு ரெண்டு லெட்டர் போட்டேனே?"

சின்னராசு தலையைக் குனிந்துகொண்டான். சமாதானம் பேசத்தான் எழுதியிருக்கிறார் என்று அந்த இரண்டு கடிதங்களையும் பிரிக்காமலேயே கிழித்துப் போட்டிருந்தான். ஒருத்தி உண்மையை எழுதினாள், ஒருவரும் படிக்கவில்லை. வாசகர்களை நம்பியிருக்கும் தொழிலில் இருப்பவன் நான். இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல முடியவில்லை.

மன்னித்தேன் என்றும் அவர் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ரத்த சொந்தங்களின் பெயர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதினார். பதினோரு பேர். முதல் பெயர் சின்னராசுவுடையது. அனேகமாக அவன் வழியாகத்தான் மகளுக்கு வந்திருக்கும் என்றார். எல்லோருக்கும் அவனே சொல்ல வேண்டும் என்று தாளைக் கொடுத்தார்.

6

திரும்பும் பஸ்ஸிலேயே சின்னராசு ரிஷிவந்தியத்திலிருக்கும் அக்கா ராணியம்மாளுக்குப் போன் போட்டான். அக்கா மகள் ரம்யாவுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். பரம்பரைக் கோளாறு என்கிற பேச்சு மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்தால்

(இந்த வாக்கியத்தை முடிக்க நான் தேவையில்லை.)

"அக்கா, ரம்யா விஷயமா ஒன்னு சொல்லணும். இல்லக்கா, பொடவை விஷயம் இல்ல. அந்த டாக்டரம்மா வூட்லேர்ந்துதான் வந்துக்கினு இருக்கேன். ஆமா, அவங்கதான். வச்சிடாதக்கா. நம்ம சரத்து எப்படிச் செத்தான்னு சொல்றேன், கேளு."

மறுமுனையில் ராணியம்மாள் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. கேட்காததை எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்பது உங்களுக்கே தெரியும், அதனால்தான் எழுதவில்லை. வைத்துவிட்டாரா, கேட்டாரா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

சின்னராசு போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் பார்த்தது அதுமட்டும்தான்.